அட்டிக்கை அடைத்துவிட்டுப் போன அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

'அன்புள்ள' என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்தேன். அந்தச் சொல்லை வெட்டவில்லை. அது இருக்கட்டும். ஆனால் அதை நம்பிக்கொண்டு மிச்சத்தை வாசிக்காதீர்கள்.

நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு ஊர்ச் சங்கம் ஒரு நினைவு மலர் அச்சடித்தது. பளபளக்கிற தாள், அட்டையில் பொன்னாடையோடு நீங்கள். உள்ளே பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு நீங்கள் கலங்கரை விளக்கம், இன்னொருவருக்கு வற்றாத ஊற்று. ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்வீர்கள் என்று சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதினார், பாவம்.

நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். ஊரில் சண்டை முடிந்து நான் தனியாக நின்றபோது என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் நீங்கள். அது உண்மை. அந்த ஒரு உண்மையை இழுத்துப் போர்த்தி மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டேன். அந்த மலர் போன வீடுகளுக்கெல்லாம் இந்தக் கடிதமும் போகும். அதனால்தான் நம் இருவருக்கும் தெரிந்ததைக்கூட விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அட்டிக்கைத் திறந்து பார்த்துவிட்டேன்.

இங்கே ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் நாம் இருந்த வீடு என்னைவிட வயதில் மூத்தது. கீழே நீங்களும் நானும். மேலே, சரிவான கூரைக்குக் கீழ் இரண்டு அறைகளும் ஒரு குளியலறையும். அதற்கும் மேலே, ஆள் தவழ்ந்து போகக்கூடிய அட்டிக். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள அந்த இருட்டு இடத்தைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும். எதைப் பற்றித்தான் தெரியாது? ஊரில் பொதுப்பணித் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து பாலங்களுக்குக் கோடு கிழித்தவர், இங்கே வந்து பனிக்குச் சட்டம் சொன்னீர்கள்.

ஜெசிந்தா நம் மேல் அறைகளுக்கு வந்து பதின்மூன்று வருடமாகிறது. மன்னார்ப் பெண். கணவர் இங்கே வருவதற்கான பத்திரங்களுக்காக அங்கே காத்திருந்தார். கூட வந்தது எட்டு வயது மகள் ஷரோன். ஜெசிந்தாவுக்கு முதியோர் இல்லமொன்றில் காலை வேலை. இவ்வளவு காலமும் நீங்களும் நானும் அவரை 'அவள்' என்றுதான் சொன்னோம். இந்தக் கடிதத்தில் அவர் என்று எழுதுகிறேன். கை பழக வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் மேல் அறையின் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சணப் புள்ளிகள் விழுந்தன. முதலில் மிளகு தூவியது போல, பிறகு உள்ளங்கை அகலத்துக்கு. நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அடுத்த நாள் குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினீர்கள். உங்கள் அழகான கையெழுத்து, அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள், ஒன்று முதல் ஒன்பது வரை விதிகள். குளித்த பின் அரை மணி நேரம், ஆவியை இழுக்கும் ஃபான் ஓட வேண்டும். உடுப்பு உள்ளே காயப்போடக் கூடாது. மீன் பொரிக்கக் கூடாது. கடைசி விதி, 'சுத்தமாக இருக்கவும்.' ஒரு வளர்ந்த பெண்ணுக்கு, ஒரு தாய்க்கு, அப்படி எழுதினீர்கள்.

அவர் அத்தனையும் செய்தார். அரை மணி நேரம் சொன்னீர்கள், அவர் நாள் முழுக்க ஃபானைப் போட்டார். அதன் இரைச்சல் கீழே நம் சமையலறைக்குக் கேட்கும். ஆனால் ஃபான் ஓட ஓடக் கறுப்பு கூடியது. ஏன் என்று ஒரு தரமாவது யோசித்தீர்களா?

ஒரு சனிக்கிழமை காலை படிக்கட்டில் வைத்து அவர் உங்களை மறித்தார். நான் கீழே நின்றேன்.

"அண்ணை, நான் ஒவ்வொரு நாளும் துடைக்கிறன். எண்டாலும் அது மேலையிருந்துதான் வருது. சீலிங்கைத் தொட்டுப் பாருங்கோ, ஊறிப்போய்க் கிடக்கு. ஒருக்கா அட்டிக்குக்குள்ளை ஏறிப் பாருங்கோவன்."

நீங்கள் சிரித்தீர்கள். சங்கக் கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பு.

"எனக்குப் படிப்பிக்க வந்தனியோ? பாலம் கீறின கை இது. ஊத்தை உன்ர பழக்கத்திலை இருக்கு. என்ர கூரையிலை இல்லை."

ஷரோன் மேல் படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெசிந்தா உங்களைத் தாண்டி என்னைப் பார்த்தார். "ராஜி அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ."

நான் வேலை செய்தது மருத்துவமனையின் சலவைப் பகுதியில். அங்கே ஒரு நாள் காற்று இழுக்கும் இயந்திரம் நின்றால் சுவர் வியர்க்கும், சீலிங்கிலிருந்து சொட்டும். நீராவி எப்படிப் போகும், போக வழியில்லாவிட்டால் என்ன செய்யும் என்பது எனக்கு அத்துப்படி. அன்று படிக்கட்டில் இரண்டு வரி சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "அண்ணாவுக்குத் தெரியாததே, பிள்ளை?"

உங்களைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கிறவர்களுக்கு இந்த வரிதான் பதில். எனக்குத் தகுதி இல்லை. எழுதுகிறேன்.

அந்த மாதமே அவர்கள் போய்விட்டார்கள். அதோடு நீங்கள் விட்டிருக்கலாம். சங்கத்தின் சித்திரைக் கொண்டாட்டத்தில், வடையும் கையுமாக நின்ற ஆண்களின் நடுவில் அதை ஒரு பகிடிக் கதையாகச் சொன்னீர்கள். "ஒரு மாரிக்குள்ளை என்ர வீட்டைச் சேறாக்கிப்போட்டுப் போட்டாள். உவையளை உள்ளுக்கு விட்டது என்ர பிழை." அந்தப் பெரிய மனிதர்கள் வடையை மென்றபடி சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் வாடகைக்கு விட அறை வைத்திருந்தவர்கள். ஒருவர்கூட, 'மேலே ஏறிப் பார்த்தீர்களா?' என்று கேட்கவில்லை. அந்தப் பெரிய மனிதர்கள்தான் பிறகு மலரில் எழுதினார்கள்.

பிறகு எனக்குத் தொலைபேசி வந்தது. "உங்கடை வீட்டிலை இருந்த பிள்ளை இடம் கேட்டு வந்திருக்கு. ஆள் எப்பிடி?" ஒரு அன்ரி கேட்டார். அடுத்த வாரம் இன்னொருவர். இரண்டு பேருக்கும் நான் சொன்னது, "அண்ணாவையே கேளுங்கோ." கேட்டார்கள். ஜெசிந்தாவுக்கு ஸ்காபரோவில் தெரிந்தவர் வீடு எதுவும் கிடைக்கவில்லை. ஒஷாவாவுக்குப் போனார் என்று யாரோ சொன்னார்கள். காலை வேலைக்கு அங்கிருந்து மூன்று பஸ் மாறி வந்தார் என்றும் சொன்னார்கள்.

அடுத்த மாரிக் குளிரில் மேல் அறைகள் வெறுமையாகக் கிடந்தன. அங்கே குளிக்க ஆளில்லை, மீன் பொரிக்க ஆளில்லை. கீழே நாம் இருவர்தான். மாசியில் பனி இளகியதும் அதே சீலிங்கில், அதே இடத்தில், கறுப்பு வந்தது.

நீங்கள் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற் வாங்கி வந்தீர்கள். நான் ஏணியைப் பிடித்தேன். பாதி பூசியதும் மேலேயிருந்து, என்னைப் பாராமல் சொன்னீர்கள்.

"அவளின்ர பழைய ஊத்தை. இப்பதான் வெளியிலை வருது."

நான் தலையாட்டினேன், அண்ணா. போய் ஒரு வருடமான பெண்ணின் ஊத்தை சீலிங்கிலிருந்து சொட்டுகிறது என்று நீங்கள் சொல்ல, நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியும் பெயின்ற். அறைகளை யாருக்கும் கொடுக்காமல் சங்கத்தின் மடிப்பு நாற்காலிகளை அடுக்கினீர்கள். 'பொதுச்சேவைக்காகத் தன் வீட்டையே கொடுத்தவர்' என்று மலரின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். செத்த வீட்டுக்குரியவள் சிரிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைத்தாளோ.

போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்தபடி போய்விட்டீர்கள். இந்த மாசியில் பெயின்ற் பூச ஆளில்லை. சீலிங்கின் ஒரு பகுதி வீங்கி, பிய்ந்து, நாற்காலிகளின் மேல் விழுந்தது.

முதலில் வானொலியில் விளம்பரம் செய்கிற கூரை வேலைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டேன். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"அன்ரி, உது சின்ன விசயம். மேலாலை இன்னும் ஒரு அடி இன்சுலேஷன் பஞ்சு ஊதிவிட்டால் சரி."

"தம்பி, ஏறிப் பார்க்கேல்லையோ?"

"பார்க்கத் தேவையில்லை அன்ரி. வாசலிலை நிண்டாலே எனக்கு விளங்கும்."

நீங்கள் இருந்திருந்தால் அவனை மகனாகவே எடுத்திருப்பீர்கள். நான் வாசலிலேயே அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதாக வந்தவர் மார்க்கம் நகரத்துக் குகன். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். முகமூடியைப் போட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அட்டிக்குக்குள் போனார். ஒரு மணித்தியாலம் இறங்கவில்லை. பிறகு அங்கிருந்தே ஒரு அரிசிப் பையைக் கீழே போட்டார். பிறகு இன்னொன்று. பதினான்கு பைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பழைய படுக்கை விரிப்பும் கிழிந்த குளிர் ஜாக்கெட்டும் இறுக்கி அடைத்து, வாய் கட்டி, மேலே கறுப்பு மையில் எழுதியிருந்தது. வடக்கு 1. வடக்கு 2. தெற்கு 1. அந்தக் கையெழுத்தை ஸ்காபரோவில் யாருக்குத் தெரியாது?

"அன்ரி, உதை ஆர் அடைச்சது?" குகன் தூசியோடு இறங்கி வந்து கேட்டார்.

"ஏன், என்ன பிழை?"

"கூரை விளிம்புக்குக் கீழை சுத்திவரச் சின்னச் சின்ன ஓட்டையள் இருக்கு. அதாலைதான் வெளிக்காத்து உள்ளுக்கு வந்து மேலாலை போகவேணும். அது முழுக்க அடைச்சுக் கிடக்கு. குளிர் வருது எண்டு அடைச்சிருப்பினம்." அவர் சுவரில் விரலால் படம் கீறிக் காட்டினார். "வீட்டுக்குள்ளை சூடு நிக்கவேணும், அதுக்குத்தான் இன்சுலேஷன். அட்டிக் குளிராய், காஞ்சு இருக்கவேணும், அதுக்குத்தான் காத்து. காத்தை நிப்பாட்டினால் ஈரம் எங்கை போறது? ஆணியிலை பனியாய்ப் பிடிக்கும். வெயில் வர உருகிச் சொட்டும்."

"ஈரம் அங்கை எப்பிடிப் போனது?"

"வீட்டுச் சூடு எந்த இடுக்காலையும் மேலை ஏறும் அன்ரி. ஆனால் உங்களுக்கு வேறை ஒண்டும் இருக்கு. பாத்ரூம் ஃபானின்ர குழாய் வெளியிலை போகேல்லை. அட்டிக்குக்குள்ளையே விட்டிருக்கு. ஒரு செங்கல்லை வைச்சு நிமித்தி விட்டிருக்கு."

அந்த ஃபானைப் பூட்டியவர் நீங்கள். கூரையில் ஓட்டை போட்டால் வீடு கெட்டுவிடும் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆக, ஜெசிந்தா குளித்த ஒவ்வொரு குளிப்பின் ஆவியும் நேரே மேலே போய், நீங்கள் அடைத்த பைகளுக்குள் மாட்டிக்கொண்டு, பலகையில் ஊறி, அவர் தலைக்கு மேலேயே இறங்கியது. ஃபானைப் போடு போடு என்று கத்தினீர்கள். அவர் உங்கள் சொல் கேட்ட அளவுக்குக் கூரை நனைந்தது. கேட்காமல் விட்டிருந்தால் இவ்வளவு நனைந்திராது.

தெரியாமல் செய்தீர்கள் என்று அன்று பின்னேரம் வரை நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. குகன் கடைசியாக ஏறி இறங்கியபோது கையில் அலுமினியத் தட்டுகள் இரண்டு இருந்தன. சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே வைத்திருந்ததாம். உங்கள் அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு வந்த தட்டுகள். கடைக்காரன் ஒட்டிய தாளில் உங்கள் பெயரும் வயதும் இன்னும் இருந்தன. அந்த விருந்து நடந்தது ஜெசிந்தா போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு.

ஆகவே நீங்கள் ஏறியிருக்கிறீர்கள். அவர் கேட்டபோது ஏறவில்லை, அவர் போன பிறகு ஏறியிருக்கிறீர்கள். விளக்கடித்துப் பார்த்திருக்கிறீர்கள். குழாயையும் ஆணிகளையும் பலகையையும் கண்டிருக்கிறீர்கள். கண்டுவிட்டு, தட்டு வைத்துவிட்டு, இறங்கி வந்து கையைக் கழுவி, சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் பெயரைக் கழுவ ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அதைவிட இரண்டு தட்டு உங்களுக்கு இலகுவாக இருந்தது. உங்களைப் போன்ற கோழையை நான் கண்டதில்லை, அண்ணா. என்னைத் தவிர.

வேலை நாலு நாளில் முடிந்தது. உக்கின பலகைகளை மாற்றினார்கள். பழைய இன்சுலேஷனை உறிஞ்சி எடுத்தார்கள். விளக்குகளைச் சுற்றியும் அட்டிக்குக்கு ஏறும் வாசற் பலகையைச் சுற்றியும் இருந்த இடுக்குகளை அடைத்தார்கள். கூரை விளிம்பு நெடுக, இன்சுலேஷன் சரிந்து ஓட்டையை மூடாதபடி தட்டிகள் வைத்த பிறகுதான் புதியதை ஊதினார்கள். ஃபான் குழாய் கூரையைத் துளைத்து வெளியே போகிறது. வீடு கெட்டுவிடவில்லை.

ஜெசிந்தாவின் முகவரியை அவருடைய மாதா கோயிலுக்குப் போகிற ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். ஜெசிந்தாவிடம் முதலில் கேட்டு, வரலாம் என்று அவர் சொன்ன பிறகே போனேன். வைகாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம். அவர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு, "உள்ளை வாங்கோ அக்கா" என்றார். அவருடைய கணவர் வந்து சேர்ந்துவிட்டார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பின்கதவால் வெளியே போய்விட்டார். தேநீர் வந்தது. வீடு பளிங்கு போல் இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பைகள், குழாய், தட்டுகள்.

"எனக்கு அது அப்பவே தெரியும் அக்கா," என்றார் முடிவில். "ஊத்தையான ஆள் ஆர், இல்லாத ஆள் ஆர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் மன்னிப்புக் கேக்க வந்தனீங்கள் எண்டால், எனக்கு அது தேவைப்பட்ட காலம் போட்டுது."

"வேறை என்ன செய்ய, ஜெசிந்தா?"

"ஷரோன் குளிக்கிறாள். வருவாள். அவளுக்குச் சொல்லுங்கோ."

தண்ணீர் நின்று நெடுநேரமாகியும் அவள் வரவில்லை. குளியலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. துணி சுவரில் உரசுகிற சத்தம், மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

"சுவர் துடைக்கிறாள்," என்றார். "உங்கடை வீட்டிலை துடங்கினது. இன்னும் விடேல்லை. ஆரின்ர வீட்டுக்குப் போனாலும் துடைச்சுப்போட்டுத்தான் வெளியிலை வருவாள்."

ஷரோனுக்கு இப்போது இருபத்தொரு வயது. சுவர் துடைத்த ஈரத் துவாய் ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. அவளுக்கு விளங்க வேண்டுமென்று மெதுவாகச் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

"வெயிட். ஸோ இட் வாஸ் த பைப்?"

"ஓம் பிள்ளை. குழாயும், அண்ணா அடைச்ச பைகளும்."

"நாங்கள் ஒண்டும் செய்யேல்லை?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

"அங்கிளுக்குத் தெரியுமா?"

"பிறகு தெரியும். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"உங்களுக்கு?"

பொய் சொல்ல வாய் வந்தது, அண்ணா. அப்போதும் வந்தது. "நானும் விளங்காத மாதிரி இருந்திட்டன்," என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கத்துவாள் என்று. இரண்டும் இல்லை. கிட்ட வந்து அந்த ஈரத் துவாயை என் மடியில் வைத்தாள். "அப்ப இதை நீங்கள் வைச்சிருங்கோ, அன்ரி," என்றாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஜெசிந்தா அதை என்னிடமிருந்து வாங்கவில்லை. தேநீர்க் கோப்பைகளை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பினார்.

அந்தத் துவாயோடுதான் பஸ்ஸில் வந்தேன். சேலை நனைந்துவிட்டது.

அடுத்த மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். சங்கத்தார் வருவார்கள், உங்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்பார்கள். பேசுவேன். நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன், கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். ஜெசிந்தாவின் பெயரையும் ஷரோனின் பெயரையும் உரத்துச் சொல்லி, அவர்கள் நம் வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள் என்று சொல்வேன். யார் எழும்பிப் போனாலும் நிறுத்த மாட்டேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. உங்களுக்கு நான் தந்த வாக்குகளில் உங்களைக் கேட்காமல் தருவது இது ஒன்றுதான்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி ராஜி